பரணை இறக்கும்போது கிடைக்கும் நச்சுக் குப்பை: எதை எப்படிக் கட்டி, யாரிடம் கொடுப்பது

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை இறக்கினால் கூடவே சில சாமான்களும் இறங்கும். பாதி மீந்த எனாமல் பெயின்ட், எரியாத டியூப்லைட் நாலு, பழைய தெர்மாமீட்டர், வீங்கிப்போன செல்போன் பேட்டரி, தேதி முடிந்த மாத்திரை அட்டைகள், யாரோ வாங்கி மறந்த எலி பேஸ்ட். மக்கும் குப்பையிலும் இவை சேராது, மக்காத குப்பையிலும் சேராது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவற்றுக்கென்றே 'வீட்டு அபாயக் கழிவு' என்று ஒரு தனி வகை வகுத்தன. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டின், டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு, காலாவதி மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான வீடுகளில் இன்றும் இரண்டு வாளிதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். நீங்கள் முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பையை ஒரு தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார். பல ஊர்களில் அந்தக் கையில் நல்ல கையுறைகூட இருக்காது. உள்ளே இருப்பது ஊசியா, கண்ணாடியா, ஆசிட்டா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கையை நினைத்துச் சொல்லப்பட்டது.

முதலில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை: எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப், அழியாத மார்க்கர் பேனா, ரப்பர் கையுறை ஒரு ஜோடி, மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பா இரண்டு மூன்று, ஒரு பக்கெட் உலர்ந்த மணல், அரைக் கிலோ ஆப்ப சோடா. சமையலறையிலோ பூஜை அறையிலோ வைக்காமல், வெயிலும் மழையும் படாத, குழந்தைக்கு எட்டாத ஓர் இடத்தில் ஓர் அட்டைப்பெட்டியை இதற்கென்றே ஒதுக்குங்கள். பொருள்களை அவற்றின் சொந்த டப்பாவிலேயே வையுங்கள். தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலும் ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலிலும் ஊற்றி வைத்த வீடுகளில்தான் குழந்தைகள் எடுத்துக் குடிக்கிறார்கள்.

டியூப்லைட், சி.எஃப்.எல்., தெர்மாமீட்டர்

மூன்றிலும் பாதரசம் உண்டு. ஒரு சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம்தான். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிராம், அதாவது நூற்றுக்கணக்கான பல்புகளுக்குச் சமம். எல்.இ.டி. பல்பில் பாதரசம் கிடையாது. அதை மின்னணுக் கழிவோடு சேர்த்துவிடலாம்.

உடையாத டியூப்லைட்டைப் புது டியூப் வந்த அட்டை உறையிலேயே நுழைத்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, 'டியூப்லைட்: உடைக்காதீர்கள்' என்று எழுதுங்கள். உறை இல்லையென்றால் செய்தித்தாளில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் போதும். வாளிக்குள் அடங்கவில்லை என்று தரையில் தட்டி உடைத்துப் போடுவதுதான் நடக்கக்கூடிய பெரிய தவறு. உடையும் அந்த நொடியில் வெளிவரும் ஆவியை முதலில் சுவாசிப்பது உடைத்தவரேதான்.

தவறி உடைந்துவிட்டால், மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், எல்லாரும் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே போய்விடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்த அறைக்குள் வரக் கூடாது. திரும்பி வந்ததும் கையுறை போட்டு, பெரிய துண்டுகளைக் கையால் பொறுக்குங்கள். தூளை இரண்டு தடித்த அட்டைகளால் ஒதுக்கி எடுங்கள். மிச்சமிருக்கும் பொடியை டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்து, கடைசியில் ஈரத்தாளால் துடையுங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது. துடைப்பம் தூளைப் பரப்பும், வேக்குவம் அதை ஆவியோடு அறை முழுக்க ஊதிவிடும். அட்டை, டேப், தாள் எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். ஜன்னல் இன்னும் சில மணி நேரம் திறந்தே இருக்கட்டும்.

தெர்மாமீட்டர் உடைந்தால் இன்னும் நிதானம் தேவை. முதல் வேலையாக மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தைத் தொட்டவுடன் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தை வெள்ளையாக்கிவிடும். துடைத்தால் போகாது. உருண்டைகள் மொசைக் தரையின் இடுக்கிலும் கதவுப் படியின் ஓரத்திலும் போய் ஒளியும். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொட்டுகள்கூட வெள்ளி மணலாகப் பளபளக்கும். விசிட்டிங் கார்டால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, ஊசி நீக்கிய சிரிஞ்சாலோ மருந்துச் சொட்டானாலோ உறிஞ்சி, மூடியுள்ள சிறு புட்டியில் விடுங்கள். உறிஞ்ச முடியாத பொட்டுகளை டேப்பால் ஒற்றுங்கள். இடுக்குகளில் கந்தகப் பொடி தூவலாம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மஞ்சள் பொடி எங்கே பழுப்பாகிறதோ அங்கே பாதரசம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கோரைப்பாய், மெத்தை, ஜமுக்காளத்தில் விழுந்தால் அந்த இடத்தை வெட்டி எடுப்பதுதான் வழி. பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். சிங்க்கிலோ கழிவறையிலோ கழுவி ஊற்றாதீர்கள், குழாயின் வளைவில் தங்கி மாதக்கணக்கில் ஆவியாகும். அறையை ஒரு நாள் முழுதும் திறந்து வையுங்கள். அந்தத் தெர்மாமீட்டரில் இருந்தது சிவப்பு அல்லது நீலத் திரவம் என்றால் கவலை வேண்டாம், அது சாயமேற்றிய ஆல்கஹால். கண்ணாடியை மட்டும் பார்த்து எடுத்தால் போதும்.

ஒரு கிராமுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தை மண்ணிலிருந்து நீக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்ததை நினைத்துப் பாருங்கள். மண்ணில் இறங்கியதைத் திரும்ப எடுப்பது அவ்வளவு கடினம். பழைய பாதரச ரத்த அழுத்தக் கருவி வீட்டில் இருந்தால் அதைப் பிரிக்கவே முயலாதீர்கள். அதில் இருப்பது தெர்மாமீட்டரைப்போலப் பல மடங்கு. நிமிர்த்தி வைத்து, அப்படியே ஒப்படையுங்கள்.

பேட்டரிகள்

எல்லாவற்றையும் 'பேட்டரி' என்று ஒரே பேரில் சொன்னாலும் மூன்று வகை, மூன்று ஆபத்து.

இன்வெர்ட்டர், கார், பைக் பேட்டரிகளில் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. இவற்றைப் பொறுத்தவரை வழி சுலபம். புதியது வாங்கும் கடையே பழையதை விலைக்கு எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. தவறு நடப்பது வேறு இடத்தில். தூக்க எளிதாக இருக்கும் என்று அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பார்கள். அந்த அமிலத்தில் கரைந்த ஈயமும் இருக்கிறது. ஈயம் தெருவில் விளையாடும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பேட்டரியைத் திறக்காமல், சாய்க்காமல், நிமிர்ந்த நிலையில் கொடுங்கள். பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் தூக்குங்கள். அமிலம் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும். மறுபடி தூவினாலும் நுரை வராதபோது அமிலம் முறிந்துவிட்டது என்று பொருள்.

செல்போன், லேப்டாப், பவர் பேங்க், இ-ஸ்கூட்டர் ஆகியவற்றில் இருப்பது லித்தியம் அயன். இதன் ஆபத்து தீ. குப்பை லாரியில் அழுத்தும்போது நசுங்கினால் உள்ளேயே ஷார்ட் ஆகிப் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் காகிதமும் பிளாஸ்டிக்கும் இருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பையில் போட்டுவையுங்கள். போனின் முதுகு மேடு தட்டினால், திரை பிதுங்கினால், சார்ஜில் இருந்து உடனே எடுங்கள். அமுக்கிப் பார்ப்பதும், ஊசியால் குத்திக் 'காற்றை இறக்குவதும்', ஃப்ரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். மண்சட்டியில் உலர் மணலைப் பரப்பி அதன்மேல் போனை வைத்து, மேலும் மணலால் மூடி, வெயில் படாத பால்கனியில் வையுங்கள். அன்றோ மறுநாளோ சர்வீஸ் சென்டருக்குச் சட்டியோடு எடுத்துப்போங்கள். பவர் பேங்கும் இதே கதைதான். புகைந்து சீறினால் ஆட்களை அகற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101ஐ அழையுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

ரிமோட்டிலும் கடிகாரத்திலும் போடும் செல்கள் மூன்றில் சாதுவானவை. முனையில் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் சேருங்கள். 'அல்கலைன்' என்று எழுதிய செல் கசிந்து வெள்ளை உப்புப் பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துவிட்டு உலர விடுங்கள். ஆனால் பொத்தான் செல் சாதுவே அல்ல. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் டேப் சுற்றுங்கள், மேசைமேல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம்.

ஊசியும் மருந்தும்

இன்சுலின் போடுபவர்கள் உள்ள வீட்டில் நாளுக்கு இரண்டு மூன்று ஊசி சேரும். அதை மிக்சர் பாக்கெட்டுக்குள் போட்டுக் கட்டினால், பையை அமுக்கும் பணியாளரின் உள்ளங்கையில்தான் இறங்கும். அப்புறம் மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. என்று பரிசோதனை, தடுப்பு மருந்து, மாதக்கணக்கில் பயம். குத்திய ஊசி யாருடையது என்பதும் அவருக்குத் தெரியாது.

துணி அலசும் திரவம் வந்த தடித்த பிளாஸ்டிக் கேனை எடுங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி துளைத்துவிடும். கேனில் மார்க்கரால் 'ஊசி: திறக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதுங்கள். போட்டு முடித்த ஊசியை வளைக்காமல், உடைக்காமல் நேரே கேனுக்குள் விடுங்கள். மூடியே ஆகவேண்டும் என்றால், மூடியை மேசைமேல் படுக்க வைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் செலுத்தித் தூக்குங்கள். மற்ற கையால் பிடித்து மூடும்போதுதான் விரலில் குத்தும். சர்க்கரை பார்க்கும் லேன்செட்டும் இதே கேனில். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியைத் திருகி, சுற்றி டேப் போட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலோ லேபிலோ கேளுங்கள். அவர்கள் தங்கள் மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்ப முடியும். ஒரு முறை மறுத்தாலும் இன்னொரு இடத்தில் கேளுங்கள். சலிக்க வேண்டாம், இது கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

மாத்திரைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடுவது பொதுவாகத் தவறு. ஆன்டிபயாட்டிக் ஆற்றிலும் ஏரியிலும் கலந்தால், அதற்கு மசியாத கிருமிகள் அங்கே வளரும். விதிவிலக்கு உண்டு. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டையஸிபாம் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் பட்டியலிட்டது. காரணம், வேறொருவர், முக்கியமாகக் குழந்தை, ஒரே ஒரு தடவை எடுத்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். புற்றுநோய் வலிக்கு ஒட்டும் பேட்ச் வாங்கிய வீடுகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உரித்த பேட்ச்சிலும் மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, அந்தப் பட்டியலில் உள்ள மருந்தென்றால் அதே வழியில் கழியுங்கள்.

மற்ற மாத்திரைகளை வாங்கிக்கொள்ள இடம் இல்லாதபோது, அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடோ மண்ணோடோ பிசைந்து, மூடும் டப்பாவில் இட்டு 'காலாவதி மருந்து' என்று எழுதி அபாயக் கழிவோடு கொடுங்கள். சிரப்பும் அப்படித்தான். பிசைவது வீண் வேலையாகத் தெரியலாம். முழு அட்டையாகப் போனால் யாராவது எடுத்து விழுங்கவோ விற்கவோ முடியும், பிசைந்தால் முடியாது. ஆஸ்துமா இன்ஹேலரையும் கரப்பான் ஸ்பிரே, பாடி ஸ்பிரே டின்களையும் குத்தவோ நெருப்பில் போடவோ கூடாது, வெடிக்கும்.

பெயின்ட், தின்னர், பழைய சுவர்

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் மீதி கொஞ்சமாக இருந்தால் மரத்தூளோ மணலோ கலந்து, திறந்த வெளியில் கட்டியாகும்வரை காயவிட்டு, டப்பாவின் மூடியைத் திறந்தே கொடுங்கள். மூடியிருந்தால் உள்ளே திரவம் என்று நினைப்பார்கள். லிட்டர் கணக்கில் மீந்தால் பக்கத்தில் சுவருக்கு பெயின்ட் அடிக்கும் வீட்டுக்கோ பள்ளிக்கூடச் சுவருக்கோ கொடுத்துவிடுவதுதான் மேல். எனாமலையும் தின்னரையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய குழாயில் அதன் ஆவி சேர்ந்தால் ஒரு பொறி போதும். பிரஷ் கழுவிய தின்னரை ஒரு கண்ணாடிப் புட்டியில் இரண்டு நாள் அசையாமல் விட்டால் நிறம் அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வடித்துக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. எனாமல், வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தீக்குச்சியே தேவையில்லை. துணியை வெளியே கொடியில் ஒற்றைப் படலமாக விரித்து, மொடமொடவென்று காய்ந்த பிறகு கழியுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த டின்னில் முக்கி மூடுங்கள்.

வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், கிரில் எதிலும் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈர உப்புத்தாளால் தேய்த்து, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு தூளைச் சுருட்டி எடுங்கள்.

பாத்ரூமில் இருப்பவை

கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். 'இரண்டும் போட்டால் நன்றாக வெளுக்கும்' என்று மூடிய பாத்ரூமில் கலப்பது உயிருக்கு உலை. மீதியைக் கழிக்கும்போதும் இரண்டையும் ஒரே நாளில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் மீந்த ஆசிட்டை அது வாங்கப்பட்ட வேலைக்கே தீர்த்துவிடுவது நல்லது. நீர்க்கச் செய்ய வேண்டுமானால் தண்ணீரில் ஆசிட்டைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் பாட்டில் கணக்கில் ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்து, டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

பூச்சிமருந்தும் எலி மருந்தும்

லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. காலி டின்னில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரை மருந்து தெளிக்கும் டேங்கிலேயே ஊற்றித் தெளித்துவிடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு டின்னில் ஓட்டை போடுங்கள். காரணம் எளிது, ஓட்டை டின்னில் யாரும் தண்ணீர் பிடித்துவைக்க மாட்டார்கள்.

எலி மருந்தில் இரண்டு வகையை வேறுபடுத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். குழாயில் வரும் பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாட்டில் விற்கத் தடை உண்டு, ஆனால் பழைய குழாய்கள் பரணில் இருக்கும். காற்றுப் பட்டுக் காய்ந்தால் வெயில் நாளில் தானாகவே புகையும். கையுறை போட்டு, குழாயை ஈரமணல் நிரப்பிய டின்னில் புதைத்து மூடுங்கள். கருஞ்சாம்பல் நிறப் பொடியும் சில மாத்திரைகளும் பாஸ்பைடு வகை. அவற்றில் ஈரம் பட்டால் நச்சு வாயு வரும். அவை உலர்ந்த டப்பாவில், உலர் மணலோடு, படுக்கையறைக்கு வெளியே இருக்க வேண்டும். ஆக ஒன்றுக்கு ஈரம் காவல், மற்றதற்கு ஈரம் எமன். எது என்று தெரியாவிட்டால் திறக்காதீர்கள், நனைக்காதீர்கள், உறையோடு இரட்டைப் பையில் போட்டு, திறந்த வெளியில் வையுங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் 108. லேபிளையோ டின்னையோ கூடவே எடுத்துப்போங்கள், சிகிச்சை அதைப் பார்த்துத்தான் முடிவாகும். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.

எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது

போகியன்று மேலே சொன்னவற்றில் எதையும் தீயில் போடாதீர்கள். டயர், வயர், பெயின்ட் டப்பா, பேட்டரி எரியும் புகை அந்தத் தெருவில் முதலில் தாக்குவது கைக்குழந்தையையும் இழுப்பு உள்ளவர்களையும்தான். தோட்டத்தில் குழி தோண்டினால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் நேரே அனுப்பியதாக ஆகும்.

எங்கே கொடுப்பது

மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் வார்டு அலுவலகத்தில் துப்புரவு ஆய்வாளரைக் கேளுங்கள். அபாயக் கழிவு வாங்கும் மையம் எது, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்பது 2016 விதிகளிலேயே இருந்தது. உங்கள் வார்டில் இல்லையென்றால் குடியிருப்போர் சங்கத்தின் பேரில் எழுத்தில் கேட்கலாம். கிராமத்தில் தூய்மைக் காவலரிடம் மற்ற குப்பையோடு சேர்க்காமல், என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிக் கையில் கொடுங்கள். போன், சார்ஜர், எல்.இ.டி. போன்றவற்றுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளர்களின் பட்டியல் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் போட்டால் செம்புக்காக வயரைத் திறந்த வெளியில் எரிக்கிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வேலை பாதி. கீழே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு டிரம்மும், டியூப்லைட்டுக்கு நிற்க வைத்த ஒரு நீள அட்டைப்பெட்டியும், பேட்டரிக்கு மணல் போட்ட ஒரு டின்னும் வைத்து, மாதத்தில் ஒரு நாள் மொத்தமாக ஒப்படைக்கலாம். டிரம்மின் மூடியில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிய தாளை ஒட்டுங்கள். எடுக்க வருபவரிடமும் ஒரு பிரதியைக் கொடுத்து, வாசித்துக் காட்டுங்கள்.